லண்டன் ஏ.எல். இலகுவானதா?

2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், நல்லூர்த் திருவிழா நாட்களில், எங்கள் வீட்டில் ஒரு மதியச் சாப்பாடு பெரிய வாக்குவாதத்தில் போய் முடிந்தது. அண்ணாவின் மகன் யாழ்ப்பாணத்தில் கணிதப் பிரிவில் படித்துக்கொண்டிருந்தான். நவம்பரில் அவனுக்கு இலங்கையின் உயர்தரப் பரீட்சை, அதாவது உள்ளூர் ஏ.எல். தங்கையின் மகள் கொழும்பில் ஒரு சர்வதேசப் பாடசாலையில், பிரித்தானியப் பரீட்சை நிறுவனமான எடெக்செல்லின் பாடத்திட்டத்தில், எங்கள் ஊர்வழக்கில் சொல்வதானால் லண்டன் ஏ.எல்., படித்துக்கொண்டிருந்தாள். காசிருந்தால் யாரும் லண்டன் ஏ.எல். எடுக்கலாம், கையில் கல்குலேட்டர், பக்கத்தில் சூத்திரப் புத்தகம், பிழைத்துப் போனால் அடுத்த தவணையில் திரும்ப எழுதலாம் என்று அவன் சொன்னான். நீங்கள் இருபது வருடத்துப் பழைய வினாத்தாள்களைக் கரைத்துக் குடிக்கிறீர்கள், ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால் உங்களுக்குச் சொல்லத் தெரியாது என்று அவள் திருப்பிச் சொன்னாள். பெரியவர்களும் பக்கம் பிரிந்தார்கள். நான் பதினைந்து வருடங்களாக இணைந்த கணிதம், அதாவது உள்ளூர் உயர்தரத்தின் கணிதப் பாடம், கற்பிக்கிறவன். கடந்த சில வருடங்களாக இணையவழியில் எடெக்செல் மாணவர்களுக்கும் பாடம் எடுக்கிறேன். ஆகவே தீர்ப்பு என்னிடம் வந்தது.

நான் தீர்ப்புச் சொல்லவில்லை. மறுநாட் காலை இருவரையும் விறாந்தையில் இருத்தி, வினாத்தாள்களை மாற்றிக் கொடுத்தேன்.

இந்த இரண்டு வினாத்தாள்களையும் பார்த்திராதவர்களுக்காகச் சிறிது விளக்கவேண்டும். இணைந்த கணிதத்தில் இரண்டு வினாத்தாள்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் மூன்று மணித்தியாலம். பகுதி ஏயில் 25 புள்ளி வீதம் பத்து வினாக்கள், அத்தனைக்கும் விடையளிக்கவேண்டும். பகுதி பியில் 150 புள்ளி வீதம் ஏழு வினாக்கள், அவற்றில் ஐந்தைத் தெரிந்தெடுக்கவேண்டும். ஆக ஒரு தாளுக்கு 1000 புள்ளிகள். கல்குலேட்டருக்கு அனுமதி இல்லை. எடெக்செல்லின் சர்வதேச உயர்தரக் கணிதமோ ஆறு அலகுகளாகப் பிரிந்து கிடக்கிறது: தூய கணிதத்தில் நான்கு, அவற்றோடு பொறியியல் (மெக்கானிக்ஸ்), புள்ளிவிபரவியல் போன்ற பிரயோகப் பகுதிகளில் இரண்டு. ஒவ்வோர் அலகுக்கும் ஒன்றரை மணித்தியாலம், 75 புள்ளிகள். ஒரு வினா (அ), (ஆ), (இ) என்று படிப்படியாக இறங்கும். முதற் படியில் காட்டச் சொன்ன முடிவை அடுத்த படியில் பயன்படுத்தச் சொல்வார்கள். முதற்படி வராவிட்டாலும் தரப்பட்ட முடிவை வைத்துக்கொண்டு மிகுதியைச் செய்துவிடலாம்.

தங்கையின் மகளுக்கு நான் கொடுத்தது இணைந்த கணிதம் முதலாம் தாளின் பகுதி பி. 14ஆம் வினாவில் ஒரு சார்பின் பெறுதியைக் கண்டு, திரும்பற் புள்ளிகளையும் அணுகுகோடுகளையும் காட்டி வரைபை வரைவது அவளுக்கு வந்தது, அழகாகவே வரைந்தாள். 15ஆம் வினாவின் தொகையிடலில் நின்றுவிட்டாள். பகுதிப் பின்னமும் அவளுக்குத் தெரியும், பகுதிகளாகத் தொகையிடலும் தெரியும், பிரதியிடலும் தெரியும். ஆனால் எதை எப்போது எடுப்பது என்று அந்த வினா வாய் திறந்து சொல்லவில்லை. அரை மணித்தியாலம் போராடிவிட்டு, இதில் முதலாவது படி எங்கே இருக்கிறது மாமா என்று கேட்டாள். அந்தக் கேள்வியை நான் இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். முதலாவது படியைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் வினாத்தாளில் பாதி வேலை.

அண்ணாவின் மகனுக்கு எடெக்செல்லின் பொறியியல் அலகு ஒன்றைக் கொடுத்தேன். கப்பியின் மேலால் செல்லும் இழையின் இரு நுனிகளிலும் இரண்டு துணிக்கைகள். ஆர்முடுகலையும் இழுவையையும் காணவேண்டும். நான்கு நிமிடத்தில் முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். அதன் கடைசிப் பகுதி ஒற்றை வரி: இழை நீட்டமுடியாதது என்ற தகவலை உமது தீர்வில் எவ்விடத்தில் பயன்படுத்தினீர் என்று கூறுக. அவன் பேனாவை வைத்துவிட்டான். இலேசான நீட்டமுடியாத இழை என்ற சொற்றொடரை அவன் அதற்கு முன் குறைந்தது ஐந்நூறு தடவை வாசித்திருப்பான். இரண்டு துணிக்கைகளுக்கும் ஆர்முடுகலின் பருமன் ஒன்று என்று ஒவ்வொரு தடவையும் எழுதியும் இருப்பான். அதற்கும் இதற்கும் உள்ள தொடுப்பை யாரும் அவனிடம் கேட்டதில்லை. கற்பித்தவன் நான்தான், நானும் கேட்டதில்லை.

வினாவை வினாவாக எடுத்துப் பார்த்தால் இணைந்த கணிதம் கடினமானது. இதை மழுப்பவேண்டிய தேவை இல்லை. எடெக்செல்லில் மேலதிக கணிதம் எடுக்காத ஒரு நல்ல மாணவிக்கு எங்கள் பகுதி பி மலை போலத்தான் தெரியும். ஆனால் வாக்குவாதம் இவ்விடத்தில் முடிந்துவிடுவதில்லை. இரண்டு பரீட்சைகளும் தாம் கொடுக்கும் புள்ளியை வைத்து வெவ்வேறு வேலைகளைச் செய்கின்றன. ஒரு மாணவனுக்குப் பரீட்சை எவ்வளவு பாரமாக இருக்கிறது என்பது அந்த வேலையில் தங்கியிருக்கிறதே ஒழிய வினாத்தாளில் மட்டும் தங்கியிருக்கவில்லை.

எடெக்செல் கணிதத்தில் தாளில் எடுத்த புள்ளிகளைத் தாளின் கடினத்துக்கேற்பச் சீரமைத்துத் தருவார்கள்; ஆறு அலகுகளுக்கும் சேர்த்து 600 சீரமைத்த புள்ளிகள். 480 எடுத்தால் ஏ. பக்கத்துக் கதிரைப் பிள்ளை 590 எடுத்தாலும் இவளுடைய 480 ஏ தான். அந்த ஏயை வைத்துக்கொண்டு எந்தப் பல்கலைக்கழகம் எடுக்கும் என்பது பிறகு வரும் கேள்வி. உள்ளூர் உயர்தரத்திலும் ஏ, பி, சி, எஸ் என்று தரங்கள் இருக்கின்றன. பெறுபேறு வந்த அன்று எல்லோரும் அவற்றைத்தான் விசாரிப்பார்கள். ஆனால் அரச பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுபோய் விடுவது இசட் புள்ளி. 2001ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள இந்த முறை, நீங்கள் எத்தனை எடுத்தீர்கள் என்று கேட்பதில்லை. அதே பாடத்தை எழுதியவர்களுடைய சராசரியிலிருந்து எவ்வளவு தூரம் விலகி நிற்கிறீர்கள் என்று கேட்கிறது. ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு பாடத்தின் சராசரி 40, நியமவிலகல், அதாவது புள்ளிகள் சராசரியைச் சுற்றிச் சிதறியிருக்கும் அளவு, 20 என்று வைத்துக்கொள்வோம். அதில் 80 எடுத்தவர் சராசரியிலிருந்து 40 தள்ளி நிற்கிறார்; அதை 20ஆல் வகுத்தால் அவரின் இசட் புள்ளி 2. இன்னொரு பாடத்தில் சராசரி 30, நியமவிலகல் 15 என்றால், அதில் 60 எடுத்தவருக்கும் 2 தான். இப்படி மூன்று பாடங்களிலும் கிடைப்பவற்றைச் சராசரியெடுத்துத் தசமத்துக்குப் பின் நான்கு இடங்கள் வரை தருகிறார்கள். அந்த நான்காம் இடத்தில் அனுமதியை இழந்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இதன் பொருளை எங்கள் மாணவர்கள் பலர் கடைசிவரை சரியாக விளங்கிக்கொள்வதில்லை. இந்த முறையில் வினாத்தாள் கடினமாக வந்ததா இலகுவாக வந்ததா என்பதற்குத் தனியாகப் பெறுமதி கிடையாது. எல்லோருக்கும் கடினமென்றால் சராசரி இறங்கும். எல்லோருக்கும் இலகுவென்றால் ஏறும். பௌதிகவியல் தாள் இம்முறை கொடுமை என்று மண்டபத்துக்கு வெளியே அழும் பிள்ளை, தனக்கு முன்னால் நிற்கிறவனுக்கும் அது கொடுமையாக இருந்ததா என்பதையல்லவா பார்க்கவேண்டும்? ஆகவே உள்ளூர் உயர்தரத்தின் கடினம் வினாத்தாளுக்குள் மட்டும் இல்லை. வாசல் ஒடுக்கமானது. எத்தனை பேர் வந்தாலும் இருக்கைகள் அத்தனைதான். மூன்று ஏ எடுத்தும் மருத்துவ பீடம் கிடைக்காத பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். மூன்று ஏ எடுத்தும் கிடைக்கவில்லையா என்று வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் வியக்கும் உறவினர்களுக்கு நான் எத்தனை தடவை இதை விளக்கியிருப்பேன் என்று கணக்கில்லை.

இசட் புள்ளியும் குறையில்லாத அளவுகோல் அல்ல. ஒரு பாடத்தை எழுதும் கூட்டமும் இன்னொரு பாடத்தை எழுதும் கூட்டமும் திறமையில் ஒத்தவை என்ற எடுகோளின்மேல் அது நிற்கிறது. சாதாரண தரத்தில் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் நன்றாகச் செய்தவர்கள்தான் பெரும்பாலும் இணைந்த கணிதத்துக்கு வருகிறார்கள். அந்தக் கூட்டத்தின் நடுவில் நிற்பவருக்கும் பூச்சியம், யாரும் எடுக்கக்கூடிய ஒரு பாடத்தின் நடுவில் நிற்பவருக்கும் பூச்சியம். பொறியியல் பீடத்துக்குக் கணிதப் பிரிவினர் தங்களுக்குள்ளேயே போட்டியிடுவதால் அங்கே இது பெரிதாகப் பாதிக்காது. எல்லாப் பிரிவினருக்கும் திறந்திருக்கும் சட்டம் போன்ற துறைகளில் பாதிக்கும். இந்த எடுகோள் எவ்வளவு தூரம் போய் உடையும் என்பதை 2011ஆம் ஆண்டு நாடு முழுவதும் கண்டது. அந்த வருடம் பழைய பாடத்திட்டத்தினரும் புதிய பாடத்திட்டத்தினரும் வெவ்வேறு வினாத்தாள்களை எழுதினார்கள். இரு கூட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்து இசட் புள்ளி கணித்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2012 ஜூனில் நீதிமன்றம் அந்தக் கணிப்பை ரத்துச் செய்து, இரு சாராருக்கும் தனித்தனியாகக் கணிக்கச் சொன்னது. அதில் அகப்பட்ட மாணவர்கள் சிலர் என் வகுப்பில் இருந்தவர்கள். தாங்கள் எழுதியது கடினமான தாளா என்று கேட்பதை அவர்கள் விட்டுவிட்டார்கள். தாங்கள் யாரோடு ஒப்பிடப்பட்டோம் என்றுதான் கேட்டார்கள்.

ஒப்பீடு என்ற சொல்லே எங்கள் தமிழர் வீடுகளில் நெருப்பு மாதிரி. 1971இல் மருத்துவ பீட அனுமதிக்கு 400க்குத் தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 புள்ளிகளும் சிங்கள மொழிமூல மாணவருக்கு 229 புள்ளிகளும் தேவைப்பட்டன. மொழிவாரியான அந்தத் தரப்படுத்தலும், 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீடும் ஒரு தலைமுறையின் வாழ்வைத் திசைதிருப்பின. எங்கள் பெரியப்பா அந்தத் தலைமுறை. எழுபது வயது கடந்த பின்பும் தன் புள்ளிகளைப் பாடவாரியாக ஒப்புவிப்பார். இரண்டு மொழிகளில் எழுதப்பட்ட விடைகளின் பெறுமதியை ஒப்பிடும் வேலையை அரசியல் கையில் எடுத்தபோது என்ன நடந்தது என்பதற்கு அவர் முகமே எனக்குச் சாட்சி. ஆகவே எந்தப் பரீட்சை கடினம் என்ற கேள்வியை விளையாட்டாக எடுத்துக்கொள்ள என்னால் முடிவதில்லை.

இருந்தும் மாவட்ட ஒதுக்கீட்டை முழுவதும் தவறென்று நான் சொல்லமாட்டேன். பெரியப்பாவோடு இதில் நான் பலமுறை முரண்பட்டிருக்கிறேன். இப்போது பெரும்பாலான துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகை விகிதத்திலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்குமாக இடங்கள் பகிரப்படுகின்றன. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் முல்லைத்தீவின் வெட்டுப்புள்ளியை, அதாவது அனுமதி கிடைத்த மிகக் குறைந்த இசட் புள்ளியை, பார்த்து, அங்கே இலகு என்பார்கள். நான் முல்லைத்தீவும் அடங்கும் வன்னியில் ஒரு பாடசாலையில் இரண்டு வருடம் கற்பித்தேன். அங்கே உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் ஆசிரியர் இல்லை. வாரத்தில் ஒருநாள் வெளியிலிருந்து ஒருவர் வருவார், மழைக்காலத்தில் வரமாட்டார். ஒரு மாணவி பன்னிரண்டு கிலோமீற்றர் சைக்கிளில் வந்து போனாள். ஒரே வினாத்தாள், ஒரே மூன்று மணித்தியாலம், ஒரே புள்ளித்திட்டம். கோண்டாவிலிலோ கொக்குவிலிலோ பாடத்துக்கு இரண்டு ரியூசன் வகுப்புப் போகும் பிள்ளைக்கும் அவளுக்கும் அந்தத் தாள் ஒரே அளவு கடினமாக இருந்தது என்று சொல்ல எனக்கு மனம் வராது.

லண்டன் ஏ.எல். மாணவர்களின் பாரம் வேறு இடத்தில் இருக்கிறது. உள்ளூர் உயர்தரம் எழுத அரசாங்கப் பாடசாலைப் பிள்ளை காசு கட்டவேண்டியதில்லை. எடெக்செல்லில் ஒவ்வோர் அலகுக்கும் கட்டணம் உண்டு. அது பவுணில் நிர்ணயிக்கப்படுகிறது. 2022இல் ரூபாய் சரிந்தபோது என் மாணவி ஒருத்தியின் தகப்பன், இரண்டு அலகுகளை இந்தத் தவணைக்கும் மிகுதியை அடுத்த தவணைக்குமாகப் பிரித்து எழுதலாமா என்று கேட்டார். பாட ஆயத்தத்தைப் பற்றித்தான் கேட்கிறார் என்று எண்ணி நான் நீளமாக விளக்கம் சொன்னேன். அவர் கேட்டது கட்டணத்தைப் பற்றி. ஜனவரி, மே, ஒக்டோபர் என்று வருடத்தில் மூன்று தவணைகள் இருப்பது உண்மையில் பெரிய சலுகை. ஆனால் அந்தச் சலுகை பணமுள்ளவருக்குத்தான் முழுதாகக் கிடைக்கிறது. இலங்கை அரச பல்கலைக்கழகங்களின் வழமையான அனுமதி உள்ளூர் உயர்தரத்தைக் கொண்டே நடப்பதால், தங்கையின் மகள் எவ்வளவு உயர்ந்த பெறுபேறு எடுத்தாலும் பேராதனையோ மொறட்டுவையோ அவளுக்கு இயல்பாகத் திறக்கும் வாசல் இல்லை. அதற்குப் பிறகு வரும் செலவை நினைத்துத்தான் அவள் ஒவ்வோர் அலகிலும் பயந்து பயந்து எழுதுகிறாள். அண்ணாவின் மகன் அதை அறிந்திருக்கவில்லை.

இங்கிலாந்திலேயே வளர்ந்த என் மச்சாளின் மகளின் கதை இன்னொரு வகை. 2020இல் கொரோனா காரணமாக அங்கே ஏ லெவல் பரீட்சையே நடக்கவில்லை. ஆசிரியர்கள் மதிப்பிட்ட தரங்களை ஒரு கணிப்பு முறை திருத்தியது; இங்கிலாந்தில் ஏறத்தாழ 40 வீதமான தரங்கள் ஆசிரியர் சொன்னதைவிடக் குறைக்கப்பட்டன. ஆகஸ்ட் 13இல் பெறுபேறு வந்தது. நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்ப, 17ஆம் திகதி அரசாங்கம் பின்வாங்கி ஆசிரியர் மதிப்பீட்டையே ஏற்றுக்கொண்டது. அந்த நான்கு நாட்களும் அவள் அறையை விட்டு வெளியே வரவில்லையாம். பிறகு எங்கள் உறவுக்குள்ளேயே சிலர் அதைக் கொரோனா ஏ என்றார்கள். எழுதாத பரீட்சையில் எடுத்த தரம் என்று அவளைக் குறைவாகப் பேசியது எனக்கு இன்றும் வருத்தம். இரண்டு வருடம் படித்து, தன் திறமையைக் காட்டும் அந்தக் காலை அவளுக்குக் கிடைக்காமற் போனதல்லவா! அதே வருடம் ஒக்டோபரில் இங்கே எங்கள் பிள்ளைகள் முகக்கவசத்தோடு மண்டபத்தில் இருந்து எழுதினார்கள். யார் பட்டது கூடுதல் என்று தராசு பிடிக்க நான் ஆயத்தமில்லை.

இங்கே கடினத்தின் இன்னொரு பெயர் காத்திருப்பு. 2021க்குரிய உயர்தரம் 2022 பெப்ரவரியில்தான் தொடங்கியது. அந்தப் பரீட்சை முடியும் நாட்களில் மின்வெட்டு வெகுநேரம் நீண்டது. 2022க்குரியது 2023 ஜனவரியில் தொடங்கியது. 2023க்குரியது 2024 ஜனவரியில் நடந்தது. அதில் விவசாய விஞ்ஞான வினாத்தாள் முன்கூட்டியே வெளியாகி, அந்தப் பாடத்தை எழுதியவர்கள் மீண்டும் எழுதவேண்டி வந்தது. பத்தொன்பது வயதில் எழுதிய பிள்ளை பல்கலைக்கழகத்துக்குள் காலடி வைக்க இருபத்தொன்று, இருபத்திரண்டு ஆகிவிடுகிறது. இந்த வருடங்களை எந்தத் தராசிலும் யாரும் வைப்பதில்லை. என் கண்ணில் உள்ளூர் உயர்தரத்தின் மிகக் கொடிய பகுதி இதுதான். 15ஆம் வினாவை நான் அதற்கு அடுத்ததாகத்தான் சொல்வேன்.

பெற்றோர் என்னிடம் எதில் சேர்ப்பது என்று கேட்டு வரும்போது கடினத்தைப் பற்றிப் பேசுவதை நான் விட்டுவிட்டேன். பிள்ளை என்ன படிக்க விரும்புகிறது, அதை எந்த நாட்டில் படிக்கப்போகிறது, ஒரு தடவை தவறினால் இன்னொரு வருடத்தைத் தாங்க வீட்டில் பலம் இருக்கிறதா, இருக்கிறதென்றால் பணமா பொறுமையா என்று கேட்கிறேன். பலருக்குக் கடைசிக் கேள்வி பிடிப்பதில்லை. ஒருவர், நீங்கள் வாத்தியாராக இருந்துகொண்டு படிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று கோபித்துக்கொண்டு போனார்.

அண்ணாவின் மகன் அந்த நவம்பரில் பரீட்சைக்குத் தோற்றினான். இரண்டாம் நாளே வெள்ளம் வந்து பரீட்சை இடையில் நிறுத்தப்பட்டது. டிசம்பர் முதல் வாரத்தில் மீண்டும் தொடங்கினார்கள். 2025 ஏப்ரல் இறுதியில் பெறுபேறு வந்தது. இரண்டு பாடங்களில் ஏ, இரசாயனவியலில் பி. அவன் விரும்பிய பீடத்துக்கு அது போதுமா என்று வெட்டுப்புள்ளி வரும்வரை யாராலும் சொல்லமுடியாது. அதுவரை காத்திருக்கவும் முடியாது. இரண்டாம் தடவைக்கு விண்ணப்பித்தான். 2025 நவம்பரில் எழுதிக்கொண்டிருக்கும்போது டித்வா புயல் வந்தது. எஞ்சிய பாடங்கள் ஜனவரிக்குத் தள்ளிப்போயின.

தங்கையின் மகளுக்கும் அந்த ஜனவரித் தவணையில் இரண்டு அலகுகள் இருந்தன. அவள் கொழும்பிலிருந்து இரவில் அவனை அழைத்து, இணைந்த கணிதத்தின் பழைய தாள்களிலிருந்து தொகையிடல் வினாக்களை அனுப்பச் சொல்லிக் கேட்டாளாம். தன்னுடைய தாளுக்கு அவை தேவையில்லை, ஆனால் செய்து பார்க்க ஆசையாக இருக்கிறது என்றாளாம். அவன் எட்டு வருடத்து 15ஆம் வினாக்களைப் படம் பிடித்து அனுப்பினான். மூன்றைச் செய்து முடித்திருக்கிறாள். நான்காவதை எனக்கு அனுப்பியிருக்கிறாள்.